டாக்டர் ரூம் சார்ஜர்

"டாக்டர், மறுபடியும் உயிர் போயிடுச்சு" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் அவள்.

கண் சோதித்துக்கொள்ள உட்கார்ந்திருந்த பெரியவர் பதறிப்போய்த் திரும்பினார். "ஒண்ணுமில்லீங்க, போனைச் சொல்றாங்க" என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, மேசையோரம் தொங்கிய சார்ஜரை எடுத்து நீட்டினான் அவன்.

அவன் டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். கடையில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டார்கள். அவள் முன்பக்கம் ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறவள்.

அங்கே இருக்கிற சார்ஜரெல்லாம் ஐபோன் சார்ஜர். அவள் கொண்டுவரும் ஆண்ட்ராய்டுக்குச் சேராது. ஆகவே காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை இந்த அறைக்கு வருவாள், வந்தால் ஐந்து நிமிடம் பேசாமல் போகமாட்டாள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் மீதி நாளையெல்லாம் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

சொந்தமாக ஒரு சார்ஜர் கொண்டுவரலாமே என்று அவளிடம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் கொண்டுவந்துவிடுவாளே.

அவள் போன கையோடு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முன்னாடி கவுன்ட்டர்ல எல்லாரும் ஐபோனுக்கு மாறியாச்சு. உங்க ரூம் ஒண்ணுதான் பாக்கி. எங்களுக்குள்ள ஒரு தட்டு தட்டினாப் படம் போயிடுது, நீங்க எழுதுற பவர் சீட்டை மட்டும் மெயில்ல போய்த் தேட வேண்டியிருக்கு. அஞ்சு மணிக்குப் போன் கடைக்காரர் வர்றாரு. உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடவா? செலவு கடையோடது."

அவன் காதில் ஏறியது ஐந்து மணி மட்டும்தான்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"ஓசியில வர்றதுக்கு என்ன யோசனை?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார் முதலாளி.

யோசனைக்கா பஞ்சம்? ஆறு வருடமாகக் கைக்குப் பழகிய போன். எதைத் தட்டினால் எது வரும் என்று இனிமேல் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டும். அதையாவது முட்டிமோதிக் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் மாறியதும், "அந்தப் பழைய சார்ஜரை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க" என்பார்கள். அப்புறம் அவள் இந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறாள்? அதை நினைத்தாலே அவனுக்கு அறை காலியாகிவிட்ட மாதிரி இருந்தது.

கருவியில் தாடையை வைத்துக் காத்திருந்த பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டான். "இதுல நல்லா தெரியுதா, இதுலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

"குடுத்துவெச்சவர் நீங்க" என்று பெருமூச்சு விட்டான்.

ஐந்து மணிக்கு முதலாளியிடம் போய், தனக்கு இருப்பதே போதும் என்று சொல்லிவிட்டான். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் நாளையிலிருந்து டாக்டர் பட்டம் பறிபோய்விடும் போலிருந்தது. போனால் போகட்டும் என்று அறைக்குத் திரும்பினான்.

பின்னாலேயே அவளும் வந்தாள்.

"வேண்டாம்னுட்டீங்களாமே. ஏன்?"

ஏதாவது பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவசரத்தில் உண்மை வந்துவிட்டது.

"நான் மாறிட்டா நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருக்காதே. அதான்."

அவள் தோள்பையைத் துழாவி எதையோ எடுத்து, சார்ஜில் கிடந்த தன் ஆண்ட்ராய்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஐபோன்.

அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "உங்களுக்கும் இன்னைக்கே வாங்கிக் குடுத்துட்டாரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான் மாறி எட்டு மாசமாச்சு, டாக்டர்."