வாங்க, போங்க

“டேய்! கையை வாயிலேருந்து எடு! அடி பின்னிடுவேன்!”

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டு வாங்கியவருக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. திட்டியவளுக்கு இருபத்திரண்டு இருந்தால் அதிகம்.

“சரிம்மா” என்றார் பெரியவர். நகம் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் இருந்த செயலாளரம்மாவுக்குச் சுருக்கென்றது. முதியோர் நலச் சங்கத்தின் செயலாளர் அவர். மூத்தவர்களை மதிப்பது எப்படி என்று மாதம் நாலு கூட்டத்திலாவது பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இன்றைக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்திருந்ததால், கோபம் வேறு மூக்கு நுனியில் தயாராக இருந்தது.

“ஏய், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை” என்றார், தரை துடைத்துக்கொண்டிருந்த நரைத்த தலை ஆளிடம். அந்த ஆள் செயலாளரம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர்தான். ஆனால் சங்கத்தில் உறுப்பினர் இல்லையே!

“காலை ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? தோலை உரிச்சாத்தான் அடங்குவியா?”

“இல்லம்மா. இனிமே ஆட்டலம்மா.”

பக்கத்திலிருந்தவர் செயலாளரம்மாவின் காதருகே குனிந்தார். “பேத்தியாம். டோக்கன் வாங்கும்போது சொன்னா.”

பேத்தியா! சொந்தத் தாத்தாவை டேய் போடுகிறாள். அவரும் பாவம், வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டுப் பணிந்து கிடக்கிறார். வளர்த்த லட்சணம் நன்றாக இருக்கிறது!

செயலாளரம்மா எழுந்து போய் அவள் முன்னால் நின்றார்.

“ஏம்மா, வயசானவரை இப்படித்தான் பேசுவியா?”

“மேடம், அது வந்து... அவருக்கு...”

“அவருக்கு என்ன? வயசாயிடுச்சு, அதானே? உனக்கு வயசே ஆகாதா?”

“எனக்குத் தாத்தான்னா உசுரு மேடம்.”

“அடேயப்பா! உசுருங்கறதாலதான் தோலை உரிக்கிறியா? பிடிக்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

சுற்றிலும் சிரிப்பு. மேடை கிடைத்துவிட்டது, விடுவாரா? செயலாளரம்மா கைப்பேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இப்ப எல்லாரும் பார்க்க, தாத்தாவை மரியாதையாக் கூப்பிடு. வாங்க, போங்கன்னு சொல்லு. இல்லேன்னா நீ பேசற அழகை ஊருக்கே அனுப்பி வைப்பேன்.”

“வேணாம் மேடம். இன்னிக்காவது ரத்தம் எடுத்தாகணும். மரியாதையாக் கூப்பிட்டு ரெண்டு தடவை எடுக்க முடியாமத் திரும்பிப் போயிட்டோம். நாளன்னிக்கு ஆபரேஷன்.”

“ஏன், மரியாதையாப் பேசினா ரத்தம் வராதா?”

அதற்கும் சிரிப்பு. “பதினேழு!” என்று ரத்தம் எடுக்கும் பெண் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

பேத்தி கைப்பேசியைப் பார்த்தாள். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். அவமானத்தோடு தாத்தாவின் கையைப் பிடித்தாள்.

“தாத்தா... எந்திரிங்க. உள்ளே போகலாம், வாங்க.”

‘பார்த்தீர்களா!’ என்பதுபோல் செயலாளரம்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

பெரியவர் பேத்தியை ஏற இறங்கப் பார்த்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “யாரு நீங்க? நான் வரமாட்டேன்.”

“தாத்தா, நான்தான். மெதுவா வாங்க.”

“மாட்டேன்! ஊசி குத்துவாங்க!”

நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

ரத்தம் எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். “இன்னிக்கும் இதே கதைதானா? ரிப்போர்ட் இல்லாம டாக்டர் கத்தியைத் தொடமாட்டாரு, சொல்லிட்டேன்.”

“நீ திட்டித் திட்டியே மனுஷனைப் பயந்தாங்குளியா ஆக்கி வெச்சிருக்கே” என்றார் செயலாளரம்மா விடாமல்.

பேத்தி நிமிர்ந்தாள்.

“தாத்தாவா பயந்தாங்குளி? முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவர் மேடம். பதினஞ்சு மாடி உசரத்துல, காத்துல ஆடுற கூண்டுல ஒத்தை ஆளா உக்காந்திருப்பாரு. சின்னப் பொண்ணா கீழே நின்னு பார்த்தா எனக்குத் தலை சுத்தும். அவரு மேலேயிருந்து டாட்டா காட்டுவாரு. அந்த மாதிரி தைரியசாலியை நான் இன்னும் பார்க்கல. அவரு பயந்தது அவங்க அம்மாவுக்கு மட்டும்தான். அவங்க எப்படியெல்லாம் திட்டுவாங்கன்னு எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒவ்வொரு திட்டும் எனக்கு மனப்பாடம்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள்.

“டேய்! என்னடா அழுகை? எந்திரிடா!”

அழுகை நின்றது. பெரியவர் சமர்த்தாக எழுந்து பேத்தியோடு உள்ளே போனார். ஊசி ஏறும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டதோடு சரி.

கையில் பஞ்சோடு வெளியே வந்தவர் பேத்தியின் தோளை ஒட்டி நின்று முறையிட்டார்.

“எங்கேம்மா போயிட்டே நீ? யாரோ ஒரு அக்கா வந்து, என்னைப் போய்த் தாத்தாங்கறாம்மா!”