வாயில்லா ஜீவன்

"ஊர்ல இருக்கற நல்ல பூனையெல்லாம் விட்டுட்டு, நோயாளிப் பூனைதான் கிடைச்சுதா உனக்கு?"

கூடையிலிருந்து தலையை நீட்டிய பூனையைப் பார்த்துக் கேட்டார் கணவர். சாம்பல் நிறம், பானை வயிறு. பிராணிகள் காப்பகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் பீப்பாய்.

"ஆஸ்துமாதாங்க, வேற ஒண்ணும் இல்ல. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இந்த முகமூடியை அது மூஞ்சில வெச்சு மருந்து ஸ்ப்ரேயை அமுக்கணும். பத்து மூச்சு எண்ணணும். அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

"மூணு வீட்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்கன்னியே?"

"அதான் நாலாவது வீட்டுக்கு வந்திருக்கு."

அவள் உட்காரவில்லை. கூடையை ஜன்னலோரம் வைத்தாள். பிறகு கதவோரம் மாற்றினாள். சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லிவிட்டாள்.

"காப்பகத்து அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. வீட்டுக்குள்ள சிகரெட் கூடாது. திடீர்னு வந்து பாப்பாங்களாம். புகை வாசனை அடிச்சா, பூனையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதையால்ல இருக்கு!"

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிக்கு கிரீஸ் போடுகிறவர். வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் ஐந்து நிமிஷம்தான் தன் சொத்து என்பார். இப்போது அந்தச் சொத்தோடு பால்கனிக்குப் போனார். பீப்பாய் பின்னாலேயே போய்க் கதவைப் பிறாண்டியது. படிக்கட்டுக்குப் போனார். எதிர் வீட்டுக்காரர் முறைத்தார். கழிப்பறைக்குள் போனார். அன்று சாயங்காலம் பூனை கழுத்தை நீட்டி இருமியது.

"நான் எங்கதான் போறது, சொல்லு? மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கிக்கட்டுமா?"

அவள் பூனையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போனாலும் நிம்மதியில்லை. பள்ளி நூலகத்தில் புத்தகத்தை மாற்றி மாற்றி அடுக்கினாள். அவர் வீட்டில் இருக்கும் நாளில் மணிக்கு ஒருதரம் ஃபோன் செய்தாள். தப்பு செய்துவிட்டோமோ, பேசாமல் நாமே திருப்பிக் கொடுத்துவிடலாமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வேலை, அவருக்கு லீவு. பதினோரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"எங்க இருக்க? சீக்கிரம் வா. பீப்பாய்க்கு... நீ வா முதல்ல!"

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூன்றாவது மாடி. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் ஏற முடிந்தது.

எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், பனியன் முழுக்க வியர்வை. மடியில் பீப்பாய்.

"ஒண்ணே ஒண்ணுதான் பிடிச்சேன். நீ வர்றதுக்குள்ள வாசனை போயிடும்னு நெனச்சேன். அப்படியே தரையோட தரையா படுத்துடுச்சு. வயிறு துருத்தி மாதிரி அடிக்குது, ஈறெல்லாம் நீலமாயிடுச்சு. முகமூடியை வெக்கறேன், நழுவுது. பத்து எண்ணறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு."

"இப்ப?"

"மூச்சு சீராயிடுச்சு. டாக்டருக்கு ஃபோன் போட்டேன். பயம் இல்லைன்னுட்டார்."

பூனையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். அலமாரி மேல் இருந்தது, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது, சட்டைப் பையில் இருந்தது என்று எல்லாப் பாக்கெட்டையும் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரில் நனைத்தார். கூழாகும்வரை பிசைந்தார்.

"வாயில்லா ஜீவன்டி. மூச்சு முட்டுதுன்னு வாயைத் திறந்து சொல்லத் தெரியுமா அதுக்கு? கூட இருக்கறவன்தானே பாத்துப் புரிஞ்சுக்கணும்? மனுஷனா நான்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் பூனையைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த பதினைந்து நாள் அவர் கிட்டே போக முடியவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பல்குச்சியைக் கடித்துத் துப்பினார். உட்கார முடியாமல் திரைச்சீலையைத் துவைத்தார், மஞ்சள் படிந்த சுவருக்கு வெள்ளையடித்தார். ஆனால் சிகரெட்டைத் தொடவில்லை. காப்பகத்து அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மூலைமூலையாக மோந்து பார்த்துவிட்டு, "இனிமே இவன் உங்க வீட்டுப் பிள்ளை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலு மாதம் ஓடியது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் வைத்துக் கேட்டார்.

"விசில் சத்தமே இல்லையே! மூச்சு இவ்வளவு சுத்தமா இருந்து நான் கேட்டதே இல்ல. வீட்ல என்ன மாத்தினீங்க?"

"பூனை வளக்கறோம், டாக்டர்."

"பூனையா?" டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏம்மா, உங்களுக்கு இருக்கற ஆஸ்துமாவுக்கு வீட்ல பூனையா?"

"பூனை முடி எனக்கு ஒத்துக்கும்னு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் காப்பகத்துக்கே போனேன்" என்றாள் அவள். "அது இருமினதும் எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டார், டாக்டர். பதினோரு வருஷமா நான் இருமினப்ப, எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வெச்சார்."