மேல் பாத்திக்கு நீலச் செருப்பு

சிவப்புச் செருப்போடு அவர் மேல் பாத்திக்குள் கால் வைத்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

மேல் பாத்திக்கு நீலம், கீழ்ப் பாத்திக்குச் சிவப்பு. ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் அவள் போட்ட சட்டம் அது. புருஷனானாலும் விலக்கில்லை.

கீழ்ப் பாத்தியில் வேரழுகல். நேற்றுவரை பளபளவென்று நின்ற செடி இன்று வெயிலில் தலையைத் தொங்கப் போடும். பிடுங்கினால் வேர் கருத்துப்போய் வரும்.

கடை மருந்து வேண்டாம் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. மட்கிய உரத்தில் நோயைத் தின்னும் நல்ல பூஞ்சாணம் கலந்து போட்டார்கள், வைக்கோல் பரப்பினார்கள், ஊடே பூண்டு நட்டார்கள். மிச்சமெல்லாம் செருப்பின் பொறுப்பு. செருப்பில் ஒட்டிய சேற்றிலேயே ஊர் சுற்றி வந்துவிடும் நோய் இது.

அதனால் சீக்குப் பாத்தி அவருக்கு, நல்ல பாத்தி அவளுக்கு. சிவப்பில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அவர் அளவில்.

மேல் பாத்தியின் கொடிகளில் வேர்விடும் கன்றுகள்தான் அடுத்த பருவத்துக்கு நாற்று. அது போனால் தோட்டமே போச்சு. கீழ்ப் பாத்தித் தண்ணீர் மேலே ஏறாது என்பது மட்டுமே அவளுக்கிருந்த தைரியம்.

அந்த மனுஷனுக்கு எதையும் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதே தலையைத்தான் ஆட்டினார்.

இன்று காலை அவளுக்குப் பதிலாக நீலச் செருப்பு மாட்டி மேல் பாத்திக்குத் தண்ணீர் திறக்கப் போனவர், வந்து டீயைக்கூடத் தொடாமல் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். எதற்கு என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இப்போது வந்தவர் கையிலிருந்த பையை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, நேராக மேல் பாத்திக்குள் நடக்கிறார்.

"ஏங்க, காலைப் பாருங்க! இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரே மிதியில கெடுத்துட்டீங்களே!"

அவர் நின்றார். காலைப் பார்க்காமல், தலை தொங்கி நின்ற ஒரு செடியைக் குனிந்து தொட்டார்.

"அந்தப் பையைப் பாரு."

வேப்பெண்ணெயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். வாய் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே புத்தம்புதுச் சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி.

அவள் அளவு.