பிரபுவோடு ஒரு பயணம்

பிரபு இறந்த அன்றே சாமுராய் இசோகாய் ஊரறிய அறிவித்துவிட்டார்: "எஜமான் போன வழியில நானும் போறேன். நாளைக்குக் கோட்டையில வயித்தைக் கிழிச்சுக்கப் போறேன்!"

மறுநாள் காலை மனைவி ஓசென் சாவுக்கு உடுத்தும் வெள்ளை உடையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை.

"நான் திரும்பி வரமாட்டேன், தெரியுதா?"

"தெரியுதுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க."

இசோகாய் மனம் நொந்துபோய் நடந்தார். வழியெல்லாம் ஜனங்கள் மண்டியிட்டு வணங்கினார்கள். கோட்டை முற்றத்தில் உட்கார்ந்து குறுவாளை உருவியதும், மூத்த அமைச்சர் பதறி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்யா! எஜமானோட சேர்ந்து சாகக்கூடாதுன்னு நாட்டையே ஆளுற ஷோகன் சட்டம் போட்டிருக்காரே, உமக்குத் தெரியாதா? மீறினா நம்ம சீமையே பறிபோயிடும்!"

"சட்டமாவது ஒண்ணாவது! மேலோகத்துல பிரபு முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று இசோகாய் திமிறினார். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதுவிட்டார்கள்.

வீடு திரும்பியபோது ஓசென் இரண்டு பேருக்கும் சோறு வைத்து, மீன் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நான் செத்திருந்தா?"

"எப்படிச் சாவீங்க? அதான் சட்டம் வந்துடுச்சே."

இசோகாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"பிரபு படுக்கையில விழுந்ததிலேருந்து தினமும் தூக்கத்துல உளர்றீங்களே, 'நல்லவேளை, சட்டம் வந்துச்சு'ன்னு!"

இசோகாய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்? இன்னிக்குத்தான் ஊரே என்னை வீரன் பொண்டாட்டின்னு கும்பிட ஆரம்பிச்சிருக்கு!"