பூவிழி மிஸ் வீட்டு ஹாலோவீன்

உப்பளம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்தார் ஆசிரியை பூவிழி. பேய்வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு அங்கிருந்த பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் முகமூடி வேண்டாமென்று பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பேய்முகங்கள் செய்தார். சாக்லேட்டுக்குப் பதிலாக எள்ளுருண்டை பிடித்தார். பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே அகல் ஏற்றினார். குடைந்தெடுத்த சதையையும் வீணாக்காமல் அடை சுட்டு வைத்தார்.

இருட்டி வெகுநேரமாகியும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் கீழ்வீட்டுப் பெண் நஸ்லின் மட்டும் படியேறி வந்தாள்.

"புள்ளைங்க எல்லாம் மாலுக்குப் போயிட்டாங்க மிஸ். அங்க பெரிய பார்ட்டியாம். கோச்சிக்காதீங்க."

"பரவால்லம்மா. சின்னப் புள்ளைங்கதானே."

சிரித்தபடியே கதவைச் சாத்தித் தாழிட்டார் பூவிழி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

அப்போது படுக்கையறைக் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள்.

"மிஸ், தொறங்க மிஸ்!"

ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கூப்பிடும் குரல். அந்த அறையில் யாருமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பயந்து வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்கடா, வந்துட்டேன்."

தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளே, யார் முன்னால் நிற்பது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள்.