ரோஸிக்கு ஒரு திருடன் வேண்டும்

கிட்ட வாங்க மக்களே, கயத்தாறுப் பக்கம் ஒரு நாயின் மனசைத் தேற்ற ஊரே பாடுபட்ட கதையைச் சொல்கிறேன்.

“அப்ப எங் கெடாவ யாரு சார் தேடுவா?”

ரெங்கம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அம்மன் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவை ராத்திரி எவனோ கொண்டுபோய்விட்டான். பட்டியில் அவன் விட்டுப்போன சாக்கை மோந்து, போலீஸ் நாய் ரோஸி கரிசல் வெடிப்புகளில் நாலு மைல் ஓடியது. தார்ரோட்டில் தடம் அறுந்து நின்றுவிட்டது.

இப்போது ரெங்கம்மாள் வீட்டு வேப்பமர நிழலில், ஈரத்துணியின் மேல் ரோஸி படுத்திருந்தது. அதைப் பழக்கும் ஏட்டு செல்வகணேஷ் கழுத்து வாரைக் கழற்றிவிட்டு, உள்ளங்கால்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்தார்.

“சத்தம் போடாதீங்க. வாரக் கழட்டிட்டா அதுக்கு லீவு. காலு பொத்துப்போச்சு. அதவிட மனசு ஒடஞ்சிருச்சு.”

“நாய்க்கா?”

“ஆமாம்மா. தேடுன ஆளு ஆப்புடலன்னா அதுக்கு விட்டுப்போயிரும். யாராவது திருடனா ஒளியணும், இது கண்டுபிடிக்கணும், எல்லாரும் கைதட்டணும். தெம்பு வந்தாத்தான் நாளைக்கு உங்க கெடாவத் தேடும்.”

ரெங்கம்மாள் ஊரைப் பார்த்தாள். ஊர் தரையைப் பார்த்தது.

“மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்லா” என்று நழுவினான் மாயகிருஷ்ணன்.

“ஏலே, சும்மா வெளாட்டுக்குத்தான!”

“வெளாட்டுன்னு சம்பந்தகாரனுக்குத் தெரியுமாக்கா?”

கடைசியில் உரக்கடை பூவனலிங்கம் எழுந்தார். வாரைக் கழற்றியதும் வந்து, அதுவரை ரோஸிக்கு விசிறிக்கொண்டிருந்தவர்.

“நான் ஒளியுதேன். வாயில்லாச் சீவன். அது சந்தோசப்பட்டா நமக்கு என்ன கொறஞ்சா போவுது?”

“நீங்க மகராசன் அண்ணாச்சி!” ரெங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் எங் கெடாவுக்காக.”

“கெடா எங்க போயிரும்? கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் தெருக்கோடிப் பக்கம் மறைந்தார்.

அரைமணி கழித்து ஏட்டு வாரை மாட்டினார். மாட்டினதுதான் தாமதம், ரோஸி துள்ளி எழுந்து பிய்த்துக்கொண்டு ஓடியது. ஊரும் பின்னாலேயே ஓடியது. ஏழு வீடு தள்ளி இருந்த காய்ந்த பருத்திச்செடிகளை அடுக்கிவைத்த பருத்திமார்ப் படப்புக்குள் தலையை விட்டு, பூவனலிங்கத்தை வேட்டியோடு கவ்வி வெளியே இழுத்தது ரோஸி.

ஒரே கைதட்டல். மாயகிருஷ்ணன் விசிலே அடித்தான். பூவனலிங்கமும் ஒட்டியிருந்த பருத்திமாரைத் தட்டிவிட்டு, பெருந்தன்மையாகக் கும்பிட்டார். ரெங்கம்மாள் ரோஸியைக் கட்டிக்கொண்டு, “கெட்டிக்காரி! அண்ணாச்சி வாடைய எப்படித்தான் புடிச்சியோ!” என்றாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஏட்டு மட்டும் கைதட்டவில்லை.

“அதாம்மா எனக்கும் வெளங்கல. இவிய துணி ஒண்ணை வாங்கி இனிமேத்தான் காட்டணும்னு இருந்தேன். காலையில அந்தத் திருடன் சாக்கக் காட்டுனதோட சரி, வேற எதையும் நான் இதுக்கு மோக்கக் குடுக்கவே இல்லையே!”

கேட்ட உங்கள் வீட்டுப் பட்டி பெருகட்டும், பிள்ளைகுட்டிகள் குறையில்லாமல் இருக்கட்டும்.