வசனம் இல்லாதவளுக்கு மைக்

"நாலு வரி மனப்பாடம் வரலைன்னு நேத்து கைவிட்டவளுக்கு மைக்கு. பக்கம் பக்கமாப் பேசற எனக்கு ஒண்ணும் கிடையாது. நல்லாருக்கு நியாயம்!"

அக்கா போட்ட சத்தத்தில் ஒப்பனை அறையே அதிர்ந்தது. நாடகக் குழு மொத்தத்துக்கும் அவள் அக்காதான். மூச்சுக் கோளாறோடு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இன்றுதான் மறுபடி மேடை ஏறுகிறாள்.

மைக்செட்காரர் கை வேலையை நிறுத்தவில்லை. நேற்று ஒத்திகையில் அக்காவின் புடவையில் குத்தியிருந்த குட்டி மைக்கை, வேலைக்காரி வேஷக்காரியின் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தார். வேறு யார், அவருடைய மச்சினிதான்.

"சொந்தம்னா சும்மாவா?" என்றாள் அக்கா.

"நீங்க நாற்காலியில உக்காந்து சாதாரணமாப் பேசுங்கக்கா. இவ உங்களை விட்டு நகரமாட்டா," என்றார் மைக்செட்காரர்.

"ஆமா, எனக்குக் காவல் ஒண்ணுதான் குறைச்சல்!"

வயிற்றெரிச்சலோடு மேடை ஏறினாள். அட, முதல் வரியே கடைசி வரிசை வரை கணீரென்று போனது! தன் தொண்டையை எண்ணி அக்காவுக்கே பெருமை தாங்கவில்லை.

மச்சினிதான் இம்சை. அக்கா பேசும்போதெல்லாம் குனிந்து அவள் முதுகுக்கு வைத்த தலையணையைச் சரிசெய்தாள். சும்மா நிற்கிறாளா பார், என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

திரை விழுந்ததும் டைரக்டர் ஓடிவந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. நேத்து ஸ்பீக்கர்ல ஒரே உங்க மூச்சு இளைப்பு. இன்னிக்கும் கேட்டா வேற ஆளைப் போட்டுரலாம்னு இருந்தேன். ஒரு தடவைகூடக் கேக்கலையே! இனி இந்த வேஷம் உங்களுக்குத்தான்."

அக்கா திகைத்தாள். இளைப்பு எங்கே போனது? இப்போதும்தான் இளைக்கிறது.

மச்சினி கொண்டையிலிருந்து மைக்கை உருவினாள்.

"உங்க நெஞ்சுல குத்தினா இளைப்பையும் பிடிச்சிருதாம்க்கா. என் தலையில வச்சுக் குனிஞ்சா, உங்க குரல் மட்டும் போகுமாம். மாமாதான் சொன்னாரு. ஆனா நான் வாயைத் திறந்தா இடி விழுந்த மாதிரி கேக்குமாம்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடை ஏறுமுன் பேசின பேச்செல்லாம் நெஞ்சில் குத்தியது. மச்சினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருடி கண்ணு. அப்போ அந்த நாலு வரி மனப்பாடம் வரலைன்னது?"

மச்சினி சிரித்தாள். நாலு வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக் காட்டினாள்.